பகலில் படுக்கக் காரணம் கேட்கும் வீடு

ஏனுங்க,

உங்களை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் எழுதவும் கை வரவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள், அதனால் இப்போதும் இதையே சொல்லிக் கூப்பிடுகிறேன். நான்தான், சரசு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் என் கேள்வி என்றாலே உங்களுக்கு உள்ளூரப் பயம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. ஆகவே கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேதியைச் சொல்கிறேன்.

மைதிலி வந்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து தனியாக, இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் அவள் தீபாவளி நோம்பிக்கு வந்தால்கூட ஒரு பையோடுதான் வருவாள். மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்த முறை பெட்டிகளைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் கண்ணு என்றேன். ஆறு மாதம் லீவு போட்டிருக்கிறாளாம். எதற்கு என்றேன். சும்மாதானாம்.

சும்மா லீவு போட்டு நம் குடும்பத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? உங்கள் தம்பி கால் உடைந்தபோது லீவு போட்டார். என் அண்ணன் கோபியில் நாற்று நடவுக்கு லீவு போடுவார், அதாவது ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலை செய்வார். சும்மா இருப்பதற்காக ஆறு மாதமா? அதை எந்தக் கம்பெனி கொடுக்கும்? வேலை போய்விட்டது, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று முதல் நாளே முடிவு கட்டினேன். இரண்டாம் நாள், மாப்பிள்ளையோடு சண்டை என்று மாற்றிக்கொண்டேன்.

அவள் செய்வதைக் கேளுங்கள். காலையில் எட்டரைக்கு எழுந்திருக்கிறாள். மொட்டை மாடியில் தொட்டி வாங்கி வைத்து மல்லித்தழை போட்டிருக்கிறாள். நகத்துக்குச் சாயம் பூசி அது காய்கிற வரைக்கும் கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலமானால் தெருமுனைத் தள்ளுவண்டியில் காளான் வாங்கி நின்றுகொண்டே தின்றுவிட்டு, எனக்கும் ஒரு தட்டு வாங்கி வருகிறாள். மத்தியானம் சோற்றைத் தின்றதும் படுத்துவிடுகிறாள். படுத்தவள் தூங்கவும் செய்கிறாள்.

எனக்குப் பொறுக்குமா? அவள் குளிக்கப் போனபோது கைப்பையைத் துழாவினேன். மாத்திரை அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று குப்பைக் கூடையைக் கிளறினேன். மாப்பிள்ளைக்கு ஒளிந்துகொண்டு போன் போட்டு, நம் வீட்டுப் பிள்ளை ஏதாவது தப்பாகப் பேசிவிட்டதா என்று நான்கு சுற்றுச் சுற்றிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்லீங்க அத்தை, ரெஸ்ட் எடுக்கறா. அடுத்த வாரம் நானும் வாரேனுங்க," என்றார். சொன்னபடியே வந்து மூன்று நாள் இருந்துவிட்டும் போனார். இருவரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள். பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அவள் வெகுநேரம் அசையாமல் கிடந்தாள். நான் மெதுவாகப் போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். கண்ணைத் திறக்காமலே, "அம்மா, உசுரோடதான் இருக்கேன்," என்றாள்.

என் குணம் உங்களுக்குத் தெரியாததா? இங்கே கணபதியில் நம் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை போட்டு, இரண்டு லேத்தில் நீங்கள் மோட்டார் பம்பு சாமான்களைக் கடைந்து தள்ளினீர்கள். அதே பட்டறை மூலையில் உட்கார்ந்து நான் அரத்தால் பிசிறு எடுத்து, வெர்னியரால் அளந்து கூடையில் போட்டேன். நீங்கள் கடைந்ததாயிற்றே என்று ஒரு பீஸையும் நான் நம்பியதில்லை. எல்லாவற்றையும் அளந்துதான் போட்டேன். நம் சரக்கு ஒரு முறைகூடத் திரும்பி வந்ததில்லை என்று நீங்களே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வீர்கள். அந்தக் கண் பட்டறையோடு நின்றிருக்கலாம். அடுப்படிக்கும் வந்தது, படுக்கைக்கும் வந்தது.

நமக்கு ஓய்வு என்றால் சட்டவுன் நாள்தான். மாதம் ஒரு நாள் கம்பி வேலைக்காகக் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்கள், வீதி முழுக்க லேத்துச் சத்தம் அடங்கிக் கிடக்கும். மற்ற பட்டறைக்காரர்கள் மருதமலைக்கோ மாமனார் வீட்டுக்கோ போவார்கள். நாம் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து ஒரு மணி நேரம் படுப்பீர்கள். கரண்ட் இல்லை, வேறு வழியில்லை என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் காரணம் கேட்டதில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நான் பத்து வருஷமாகச் சபையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உங்களிடமே மறுபடி சொல்கிறேன், ஆனால் இந்த முறை சிரிப்பு வரவில்லை. வேலைக்கு இருந்த ஆள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். "சரசு, பட்டறைல கரண்ட் போயிருச்சு," என்று சொல்லிவிட்டு ஜமக்காளத்தை விரித்தீர்கள். அன்றைக்குச் சட்டவுன் நாள் இல்லை. நான் அடுப்படியில் மிக்ஸியைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. அது வேறு லைன் என்றீர்கள், கண்ணை மூடிக்கொண்டே. பின்கட்டுக்குப் போய்க் காது கொடுத்தேன். பக்கத்துப் பட்டறையில் டிரில்லிங் மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

பட்டறைக்குள் போய் மெயின் சுவிட்சுப் பலகையைப் பார்த்தேன். ஃபியூஸ் கேரியர் மூன்றும் கழற்றி வைத்திருந்தது, லேத்தின் மேலேயே, வரிசையாக. அவற்றை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் தலைமாட்டில் ஒவ்வொன்றாக வைத்தேன். போலீசுக்காரன் திருட்டு நகையை மேஜையில் பரப்புகிற மாதிரி. "கரண்ட் போச்சா, போக வெச்சீங்களா?" என்று கேட்டேன். என் மனதில் என்னென்னவோ ஓடியது. யாரோடாவது தகராறா, யாரிடமாவது பேச்சு வாங்கினீர்களா, இல்லை மத்தியானத்திலேயே ஒரு ரவுண்டு போட்டுவிட்டு வந்தீர்களா என்று வாய்க்குக் கிட்டே குனிந்து மோந்துகூடப் பார்த்தேன். நீங்கள் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று கேரியரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஐந்தாவது நிமிஷம் லேத்துச் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அசதி என்று நீங்கள் சொல்லவில்லையே. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

பவானியிலும் இப்படித்தான் செய்தேன். கூடுதுறையில் குளித்து, சாமி கும்பிட்டு, கடைவீதியில் புது ஜமக்காளமும் வாங்கியாயிற்று. இன்றைக்கு இங்கேயே ஒரு ரூம் போட்டுத் தங்கிவிட்டுக் காலையில் போகலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு மனுஷன் அப்படிக் கேட்கிறார். வெட்கப்பட்டிருக்க வேண்டியவள், "ஏனுங்க, ஊட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டேன். எந்தத் தொந்தரவுக்குப் பயந்து வீட்டுக்குப் போகாமல் இருக்கப் பார்க்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

கேரியர் விஷயம் வெளிப்பட்டு இரண்டு மாதத்தில் செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் கரீம் பாயை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம், அவருடைய பஞ்சு அடிக்கும் மெஷினுக்கு நீங்கள்தான் ஒரு தண்டு கடைந்து கொடுத்தீர்கள். அந்த மெஷின் திடீரென்று செவ்வாய்க்கிழமை தவறாமல் ரிப்பேர் ஆனது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால் மூன்று மணிக்குத்தான் வருவீர்கள். ஒரு வாரம் பேரிங் போய்விட்டது என்பீர்கள். அடுத்த வாரம் பெல்ட் அறுந்துவிட்டது என்பீர்கள். அதற்கடுத்த வாரம் மறுபடியும் பேரிங்.

ஒரு மெஷினுக்கு எத்தனை பேரிங் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிச்சல்தான் என்னை அரித்தது. வேலை செய்துவிட்டு வருகிற மூஞ்சியா அது? உங்கள் சட்டையை வாஷிங் மெஷினில் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டைமேட்டுக்குப் பக்கத்தில் நமக்குச் சொந்தமாக யார் யார் இருக்கிறார்கள், அதில் பெண்கள் யார் யார் என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை பொறுக்க மாட்டாமல் பாய் கடைக்கே போன் செய்தேன். அண்ணன் மெஷினுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறார், கையெல்லாம் கிரீஸ் என்றார் பாய். அன்றைக்கு நீங்கள் வீடு வந்தபோது கை சுத்தமாக இருந்தது. அதையும் கவனித்தேன், அதையும் கேட்டேன்.

இப்படியே வருஷங்கள் ஓடி, அந்தப் புதன்கிழமை வந்தது. காலை பதினொன்றே காலுக்கு, லேத்துக்கு முன்னால் நின்றவாக்கிலேயே சரிந்தீர்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்துவதா, உங்களைத் தூக்குவதா என்று ஒரு நொடி தடுமாறினேன். அந்த நொடிக்காக இரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இருதயம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

போன வாரம் மைதிலி மெத்தை குத்துகிறது, முதுகு வலிக்கிறது என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன் படுத்த பழைய இலவம்பஞ்சு மெத்தை, கட்டி கட்டியாகிவிட்டது. கடையில் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றாள். நான் வேண்டாம், கோட்டைமேட்டில் தெரிந்த பாய் இருக்கிறார், அடித்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பார் என்றேன். மெத்தையும் ஆயிற்று, துப்புத் துலக்கியதும் ஆயிற்று என்று என் கணக்கு. உங்கள் கருமாதிக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போன பாயை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. டவுன் பஸ் ஏறிப் போனேன்.

கடை குறுகல்தான், உள்ளே நீளமாகப் போகிறது. பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தட்டிப் போட்டார். மெத்தை அளவைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே மெஷினைப் பார்த்தேன். பஞ்சு படிந்து ஓரமாக நின்றது, பாய் சுவிட்சைப் போட்டதும் கடகடவென்று ஓடியது. இதற்கு இப்போது யாருங்க ரிப்பேர் பார்க்கிறது என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். பாய் மெஷினை நிறுத்தினார்.

"இனிப் பொய் சொல்லி என்னங்க ஆகப்போகுது அண்ணி. அது ரிப்பேரே ஆகலீங்க. அண்ணன் இங்க தூங்கறதுக்குத்தான் வருவாருங்க."

உள்ளே, தைத்து முடித்த மெத்தைகளை அடுக்கி வைக்கும் மேடையைக் காட்டினார். மத்தியானத் தொழுகைக்கு அவர் போகும்போது, நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று சொல்வீர்களாமே? திரும்பி வந்து பார்த்தால் காவல்காரர் மேடையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாராம். எழுந்ததும் டீ சொல்லி இரண்டு பேரும் அரை மணி நேரம் கதை பேசுவீர்களாம். எங்கள் வீட்டு அம்மணி மட்டும் போலீசுக்குப் போயிருந்தால் இந்நேரம் எஸ்.பி. ஆகியிருக்கும் என்று சொல்லிச் சிரிப்பீர்களாம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது, ஒரு பக்கம் பொறாமையும் வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது அல்லவா? மெத்தைக் கடைக்கு எதற்குப் போயிற்று?

வீட்டில் படுக்க இடமில்லையா பாய் என்று கேட்டுவிட்டேன். அவர் குனிந்து தரையிலிருந்து பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நானும் கேட்டனுங்க அண்ணி. 'எங்கூட்டுல பகல்ல படுத்தா ஒண்ணு காய்ச்சல்னு சொல்லோணும் பாய், இல்லாட்டிச் சாகோணும்'னாரு. சிரிச்சுக்கிட்டேதானுங்க சொன்னாரு."

கடைசிச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் அவரே சொன்னார். அன்றைக்கு நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேலே தூங்கினீர்களாம். எழுப்ப மனசு வராமல் விட்டுவிட்டாராம். கண் விழித்ததும் மணியைப் பார்த்துப் பதறி, வீட்டில் கேட்பார்கள் என்று டீகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை உதைத்தீர்களாம். நெஞ்சு வலி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லீங்க, அசதின்னுதான் சொன்னாரு என்றார். நான் நம்பவில்லை. பாய் பொய் சொல்கிறார் என்பதல்ல. நீங்கள் அவரிடமும் பாதியைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

வெறும் அசதிதானா அது? வலி என்று தெரிந்துதான் படுத்தீர்களா? அன்றைக்கு மூன்றரை மணிக்கு நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியதும் நான் கேட்ட கேள்வி எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இன்னைக்கு என்ன, மெஷின் முழுசுமே புட்டுக்கிச்சா?" என்றேன். அதற்குப் பதிலாக உங்கள் வாயில் வேறு ஏதாவது வந்து நின்றதா? என் கேள்வி அதைத் திரும்பப் போக வைத்ததா? இதற்குப் பதில் சொல்ல நீங்கள் இல்லை. பதில் கிடைக்காத கேள்வியோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று முப்பத்து நான்கு வருஷம் உங்களிடம் கேள்வி கேட்டவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கல்யாணமான புதிதில் நடந்தது ஒன்று எதற்கோ நினைவுக்கு வந்தது. ஒரு மத்தியானம் கண் சொருகி உள் அறையில் சாய்ந்தேன். உங்கள் பெரியம்மா எட்டிப் பார்த்து, மேலுக்குச் சரியில்லையா அம்மணி என்று கேட்டார். ஆமாங்க, தலைவலிங்க என்றேன். தலை வலிக்கவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குப் படுக்க வேண்டும் என்று தோன்றிய போதெல்லாம் தலை வலித்தது. தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பொய் சொல்லிப் படுக்க எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் சொன்ன பொய்யைத்தான் நான் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தேன். என் பேரில் எனக்கே கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் பஸ்ஸில் அழவில்லை.

இதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டு வாரமாக மைதிலி லேப்டாப்பை மறுபடி திறந்திருந்தாள். மத்தியானமானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்துவிடுவாள். லீவிலும் மீட்டிங் உண்டும்மா, இரண்டு மணி நேரம் கூப்பிடாதே என்பாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைக்கு வேலை போய்விடவில்லை என்று வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தேன். குக்கர் சத்தம் கேட்கும் என்று கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தேன்.

கோட்டைமேட்டிலிருந்து வந்த அன்றும் அவள் மீட்டிங்கில்தான் இருந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஹெட்போன் காதில் இருந்தது, ஒரு கை மவுஸின் மேல் இருந்தது. லேப்டாப் திரை கறுப்பாகக் கிடந்தது. அதை ஆன்கூடச் செய்யவில்லை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் நரம்பு புடைத்திருந்தது. படுத்தால் நான் கேட்பேன் என்று என் மகள் உட்கார்ந்துகொண்டு தூங்குகிறாள்.

என் பழைய புத்தி சும்மா இருந்ததா என்றால் இல்லை. உள்ளே போய் அந்தக் கறுப்புத் திரையைக் காட்டி, இதுதான் உன் மீட்டிங்கா என்று கேட்க நாக்கு துடித்தது. தோளைத் தொட்டேன். துள்ளி எழுந்து, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, கண் திறக்கும் முன்பே சொன்னாள்: "மீட்டிங்கில இருக்கேம்மா."

"மீட்டிங் வேண்டாங் கண்ணு," என்றேன். "போய்ப் படுத்துக்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகப்படுவதில் அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே. ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னார்களா, உனக்கு மேலுக்கு ஏதாவதா, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து மறைக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டாள். என் கேள்விகளை என் குரலிலேயே கேட்பது நன்றாக இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு மெஷின், மேடை, காவல்காரர், கடைசிச் செவ்வாய்க்கிழமை. அவள் அழுதாள். நானும் அழுதேன். எஸ்.பி. கதைக்கு மட்டும் இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகும் எனக்கு ஒன்று தீரவில்லை. அதனால் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டேன். உனக்கு நிஜமாகவே என்ன நடந்தது கண்ணு, திட்ட மாட்டேன், சொல்லு என்றேன்.

"ஒண்ணும் நடக்கலைம்மா. அதத்தான் ரெண்டு மாசமாச் சொல்லீட்டிருக்கேன். அப்பா நின்னுக்கிட்டேயே போயிட்டாரு. ஏதாச்சும் ஆனதுக்கப்பறந்தான் படுக்கோணுமாம்மா?"

கட்டி தட்டிய அந்தப் பழைய மெத்தையிலேயே அவள் சுவர்ப் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். படுத்தேன். தைலம் தடவாமல், தலைவலி இல்லாமல், பகல் மூன்று மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நம் பட்டறையை இப்போது வாடகைக்கு எடுத்திருப்பவரின் லேத்துச் சத்தம் கேட்டது, அவருக்கும் நான்தான் பிசிறு எடுத்துக் கொடுக்கிறேன், ஒரு கூடை பாக்கி இருக்கிறது என்று நினைப்பு ஓடியது. காலை ஊன்றி இரண்டு முறை எழப் பார்த்தேன். சும்மா படுத்திருப்பது இவ்வளவு கஷ்டமா? நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? மைதிலி தூக்கத்திலேயே கையை என் மேல் போட்டாள். அதை எடுக்காமல் இருந்ததில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

நேற்று அந்த வாடகைக்காரரின் சம்சாரம் கூடையை வாங்க வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, மைதிலிக்கு மேலுக்குச் செரியில்லீங்களா? பகல்லயே படுத்திருக்குது?" என்று கேட்டார். தலைவலி என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"மேலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. தூங்குது," என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று இந்நேரம் வீதியில் பாதிப் பேருக்குச் செய்தி போயிருக்கும். போகட்டும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். சந்தேகப்பட மாட்டேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள், அது என்னால் ஆகாது. நேற்றுக்கூட மாப்பிள்ளையோடு போனில் பேசும்போது மைதிலி எதற்கோ ரகசியமாகச் சிரித்தபோது காதைத் தீட்டினேன். என்னால் ஆவதைச் சொல்கிறேன். இனி இந்த வீட்டில் யார் எந்த நேரத்தில் படுத்தாலும் அவர்கள் தலைக்கு ஒரு தலையணை கொண்டு வந்து வைப்பேன், ஏன் என்று வாயைத் திறக்க மாட்டேன். நானும் தினம் அரை மணி நேரமாவது படுப்பேன். அடுத்த மாதம் மைதிலியோடு பவானிக்குப் போய் ஒரு நாள் தங்கப்போகிறேன். ரூம் சொல்லியாயிற்று.

இதையெல்லாம் உங்களுக்குச் செய்யாமல் போய்விட்டேன். அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் ஆகாது, நான் சொல்லவும் இல்லை. அங்கே நீங்கள் படுத்திருந்தால் படுத்தே இருங்கள். யார் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டாம். நானே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

உங்கள் ஊட்டுக்காரி,
மைதிலியின் அம்மா,
சரசு